டிக்கெட்டில் இருக்க வேண்டிய அந்த நாலெழுத்து

என் தம்பி சிங்கப்பூருக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவன் வீட்டை அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. டிசம்பர் லீவில் அவன்தான் குடும்பத்தோடு சேலம் வருவான். ஏற்காட்டுக்கு ஒரு நாள், குலதெய்வம் கோயிலுக்கு ஒரு நாள், சொந்தக்காரர் வீடுகளுக்கு நாலு நாள் என்று பத்து நாளும் ஓடிவிடும். கிளம்பும்போது வாசலில் நின்று, "ஒரு தடவை நீ வாம்மா" என்பான். "இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் எங்க சாமி வர்றது" என்று அம்மா சொல்வார்.

அம்மாவுக்கு 76 வயது. அம்மாப்பேட்டையில் குழித்தறியில் உட்கார்ந்து நாற்பது வருஷம் மிதி மிதித்த கால். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். தெருமுனைக் கோயிலுக்குப் போவதென்றால் நடுவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். மூன்று படி ஏறுவதற்குள் முகம் மாறிவிடும்.

அப்படிப்பட்ட அம்மாவை இந்த மே மாதம் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்துவிட்டேன். நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. எனக்குக் கோடை விடுமுறை மே மாதம்; தம்பி பிள்ளைகளுக்கு அங்கே ஜூன் விடுமுறை மே கடைசியில்தான் ஆரம்பிக்கிறது. இரண்டும் சேர்கிற நாட்களைக் கணக்குப் போட்டு, மே நடுவில் கிளம்பி ஜூன் முதல் வாரம் திரும்பினோம். இந்தப் பயணம் நடந்ததற்குக் காரணம் விமான நிலையத்தில் தருகிற வீல்சேர் உதவி. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் கேட்டேன், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காசு கட்ட வேண்டும் என்றார் ஒருவர். டாக்டர் சர்டிஃபிகேட் இல்லாமல் தரமாட்டார்கள் என்றார் இன்னொருவர். என்னைப் போல அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்ப நினைக்கிறவர்கள் சேலத்தில் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கு இது உதவட்டும்.

விமான நிறுவனத்தின் பெயரையும் டிக்கெட் போட்ட ஏஜென்ட் பெயரையும் எழுதவில்லை. போகும்போது இரண்டு இடம், வரும்போது இரண்டு இடம், ஆக நாலு இடத்தில் நாலு பேர் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரே சேவைதான், ஆனால் நாலும் நாலு விதமாக இருந்தது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த உதவிக்கு எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. முட்டி வலிக்காரர்களுக்கு, வயதானவர்களுக்கு, தூரம் நடக்க முடியாதவர்களுக்கு எல்லாம் உண்டு. எங்களிடம் சர்டிஃபிகேட் எதுவும் கேட்கவில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது. சொன்னால் டிக்கெட்டில் நாலு எழுத்து ஏறும். முதல் மூன்று எல்லாருக்கும் ஒன்றுதான்: டபிள்யூ, சி, எச். நாலாவது எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஆர் என்று இருந்தால், இவர் படி ஏறி இறங்கிவிடுவார், விமானத்துக்குள் நடந்துவிடுவார், தூரம் மட்டும் முடியாது என்று அர்த்தம். எஸ் என்று இருந்தால் படி ஏற முடியாது, உள்ளே சீட் வரைக்கும் நடப்பார். சி என்று இருந்தால் நடக்கவே முடியாது, சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். விமானம் கட்டிடத்தை ஒட்டி நிற்காமல் தள்ளி நின்றுவிட்டால், உங்கள் அம்மாவைப் படி வழியாக ஏற்றுவதா, லிஃப்ட் வைத்த வண்டியைக் கொண்டுவருவதா என்பதை அந்தக் கடைசி எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

எங்கள் ஏஜென்ட்டிடம் டிக்கெட் போடும்போதே சொன்னேன். "எல்லாம் சொல்லியாச்சுங்க மேடம்" என்றார். நானும் நம்பி இருந்துவிட்டேன். கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, துபாய்க்குப் போய்வந்த டீச்சர் ஒருவர்தான் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்தே இல்லையேங்க" என்றார். போன் போட்டால், "அங்க போய் கவுன்டர்ல கேட்டாலே குடுத்துருவாங்க மேடம்" என்று பதில். விடாமல் கேட்டதும் அன்று சாயங்காலம் ஒரு புது டிக்கெட் அனுப்பினார். அதில் ஆர் இருந்தது. அம்மாவால் படி ஏற முடியாது என்று நான் அவரிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். கடைசியில் விமான நிறுவனத்துக்கு நானே போன் செய்தேன். ஏழெட்டு நிமிஷம் காத்திருக்க வைத்தார்கள். பேச ஆரம்பித்ததும் இரண்டே கேள்வி. படி ஏறுவாரா? சீட் வரைக்கும் நடப்பாரா? எஸ் என்று மாற்றி அப்போதே மெயில் அனுப்பிவிட்டார்கள்.

கவுன்டரில் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள் என்பதை யாரும் நம்பி இருக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் நடந்ததைச் செய்தியில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் வீல்சேர் கேட்டிருந்தார்கள், ஒன்றுதான் வந்தது. மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டு 80 வயதுப் பெரியவர் பின்னாலேயே நடந்து வந்தார். பாஸ்போர்ட் சோதிக்கிற இமிகிரேஷன் வரைக்கும் வந்தவர் அங்கே மயங்கி விழுந்தார், பிறகு இறந்துபோனார். விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். முன்கூட்டிச் சொல்லி வைத்தவர்களுக்கே இப்படி நடந்திருக்கிறது. சொல்லாமல் போனால் நமக்குக் கேட்கிற உரிமைகூட இருக்காது.

டிக்கெட் பிரிண்ட் எடுத்து வந்து, பேனாவால் அந்த நாலெழுத்தைச் சுற்றி வட்டம் போட்டு அம்மாவிடம் காட்டினேன். அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. "கடைசியில பாம்பு மாதிரி வளைஞ்சிருக்குதே, அதுவா?" என்று கேட்டார். அதேதான் என்றேன்.

ஆனால் வீல்சேர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன நொண்டியா? தள்ளிக்கிட்டுப் போற அளவுக்கா ஆயிட்டேன்?" என்றார். கூச்சம்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டேன். நம் ஊர்க்காரர்கள் யாராவது அதே விமானத்தில் வந்து பார்த்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார் என்று நினைத்து, அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். நாலைந்து நாள் கழித்துத்தான் அம்மா வாயைத் திறந்தார். அப்பாவைக் கடைசியாகப் பெரியாஸ்பத்திரிக்குள் கூட்டிப் போனது வீல்சேரில்தான். அப்பா அதில் ஏறியதுதான், இறங்கி நடந்து வீட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்கு அந்த வண்டி என்றால் அதுதான்.

அதைக் கேட்ட பிறகு நான் வற்புறுத்தவில்லை. தூரத்தை மட்டும் சொன்னேன். அங்கே இறங்கி வெளியே வருகிற தூரம், நம் வீட்டிலிருந்து அம்மாப்பேட்டை மெயின் ரோடு முழுக்க நடக்கிற மாதிரி இருக்கும் என்று தம்பி சொன்னதைச் சொன்னேன். நடந்தால் நடக்கலாம், ஆனால் மறுநாளிலிருந்து தம்பி வீட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். "அங்க போயி படுத்துக்கறதுக்கா இவ்ளோ காசு போட்டுப் போறோம்?" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பாக்கலாம்" என்றார். வீட்டில் யாராவது வேண்டாம் என்று அடம் பிடித்தால், ஏன் என்று முதலில் கேட்டுவிடுங்கள். நான் நாலு நாள் வேறு எதற்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கிளம்பியது திருச்சியிலிருந்து. சேலத்திலிருந்து நாமக்கல், முசிறி வழியாகக் காரில் மூன்று மணி நேரம். முந்தின நாள் முழுக்க மூட்டை கட்டுகிற வேலைதான். தட்டுவடை, எள்ளு முறுக்கு, நைலான் ஜவ்வரிசி மூன்று கிலோ, தம்பிக்கு ஒரு வெண்பட்டு வேட்டி. அம்மா கையால் அரைத்த கறி மசாலாவும் அதில் இருந்தது. கிளம்புகிற அன்றைக்குத் தம்பி போனில், "கசகசா போட்டிருந்தா எடுத்துருக்கா, இங்க அது தடை" என்றான். போட்டுத்தான் அரைத்திருந்தார். அந்த டப்பாவை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் கொடுத்ததும், நான் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் திரையைப் பார்த்து, "வீல்சேர் இருக்கு, அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்றார். வந்தது ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். அவன் செய்ததை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பிரேக்கை அழுத்தினான். கால் வைக்கிற பலகை இரண்டையும் மேலே மடக்கிவிட்டான். அது விரிந்திருந்தால் உட்காரப் போகிறவர்கள் அதன்மேல் மிதித்து, வண்டி முன்னால் கவிழ்ந்துவிடுமாம். அம்மா உட்கார்ந்த பிறகு தரையில் குந்தி, "பாட்டி, காலை எடுத்து வைக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, குதிகாலைத் தன் உள்ளங்கையில் தாங்கி ஒவ்வொரு காலாகப் பலகையில் வைத்தான். யார் வீட்டுப் பிள்ளையோ காலைத் தொடுகிறான் என்று அம்மா பதறி இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவன் அதைக் கண்டுகொள்ளாமல், பக்கவாட்டில் தொங்கிய முந்தானையை எடுத்து அம்மா மடியில் மடித்து வைத்தான். "சக்கரத்துல சேலை மாட்டிரும்ங்க பாட்டி." எனக்கு அது தோன்றவே இல்லை. புடவை கட்டுகிற அம்மாக்களைக் கூட்டிப்போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது கட்டாயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் சின்னச் சிரமம். அம்மா முட்டிக்கு மாட்டியிருந்த பட்டையில் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு இருக்கிறது. திரை போட்ட அறைக்குள் கூட்டிப்போய்ப் பெண் காவலர் ஒருவர் அதைக் கழற்றச் சொன்னார். மரியாதையாகத்தான் நடத்தினார், நாற்காலியிலேயே உட்கார வைத்துத்தான் சோதித்தார். ஆனால் கழற்றி மாட்டுவதற்குள் அம்மாவுக்கு வேர்த்துவிட்டது. அந்தப் பட்டையைக் கைப்பையில் வைத்து, சோதனை முடிந்த பிறகு மாட்டிவிட்டிருக்கலாம். வரும்போது அப்படித்தான் செய்தேன்.

விமானத்தில் எங்களைத்தான் முதலில் ஏற்றினார்கள். அம்மாவுக்கு முன்பக்கமாக, நடைபாதை ஓரமாக, கழிப்பறைக்குப் பக்கத்தில் சீட் எடுத்திருந்தேன். அதற்குத் தனியாகக் காசு கட்ட வேண்டியிருந்தது. கட்டலாம், தப்பில்லை. அந்தப் பையனுக்கு அம்மா சுருக்குப்பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றான். "நல்லா இரு சாமி" என்று சட்டைப்பையில் வைத்துவிட்டார். அவன் கேட்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் எல்லாரும் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு வெளியே மூன்று நாற்காலி தயாராக இருந்தது. எங்களுக்கு வந்தவர் அறுபது வயதை ஒட்டிய சீனப் பெண்மணி. அம்மாவை "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிட்டார். அங்கே பெரியவர்களை யாராக இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஆனாலும் இரண்டு பேரும் வழியெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள்.

ஓரிடத்தில் தரை சரிவாக இறங்கியது. அங்கே அந்தப் பெண்மணி நின்று, வண்டியை முழுக்கத் திருப்பி, தான் முன்னால் பின்பக்கமாக இறங்க, அம்மாவைப் பின்பக்கமாகவே மெல்ல இறக்கினார். எனக்கு முதலில் ஏன் என்று புரியவில்லை. அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது. திருச்சியில் ஒரு சரிவில் நேராக இறக்கியபோது அம்மாவின் உடம்பு முன்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பின்பக்கமாக இறங்கினால் முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கும், பயம் இல்லை. லிஃப்டிலும் அப்படித்தான், உள்ளே சுவரைப் பார்த்து நிறுத்தாமல், பின்பக்கமாக ஏற்றிக் கதவைப் பார்க்க வைத்தார். அதற்கப்புறம் மூன்று வாரமும் நானும் தம்பியும் வண்டியை அப்படித்தான் தள்ளினோம்.

இமிகிரேஷனில் அம்மாவின் கைரேகை விழவில்லை. எனக்கு நெஞ்சு திக்கென்றது. நம் ரேஷன் கடையில் மாதா மாதம் நடக்கிற கதைதான் இது. பட்டு நூலைப் பிடித்துப் பிடித்து விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது, மெஷினில் நாலு தடவை வைத்தாலும் ஏறாது. அந்த அதிகாரி விரலைத் துடைத்து இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். விழவில்லை. சரி என்று கேமராவைத் தாழ்த்திக் கண்ணைப் பார்க்கச் சொன்னார், முடிந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கக்கூடச் சொல்லவில்லை. அங்கே போவதற்கு முன்னால் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை ஒன்று உண்டு; போய் இறங்குவதற்கு மூன்று நாளைக்குள் நிரப்ப வேண்டும், அரசாங்கத் தளத்தில் இலவசம். அதை முடித்து வைத்திருந்ததால் வேறு கேள்வியே இல்லை.

பெட்டி வரும் வரை அந்தப் பெண்மணி கூடவே நின்றார். வெளிக்கதவைத் தாண்டித் தம்பி நிற்கிற இடம் வரைக்கும் வந்தார். தம்பி ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தான். அவர் ஒரு கையைக் காட்டி அவனை நிறுத்தினார். பிரேக்கை அழுத்தி, பலகையை மடக்கி, அம்மாவின் இரண்டு பாதமும் தரையில் படிந்த பிறகு, இப்போது தூக்கு என்று சைகை காட்டினார். நான் காசு கொடுக்கப் போனேன், சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டுப் போய்விட்டார். அங்கே யாரும் வாங்குவதில்லை என்று தம்பி அப்புறம் சொன்னான்.

மூன்று வாரத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. தம்பி கீழ்வீட்டில் ஒரு மடக்கு வீல்சேரை இரவல் வாங்கி வைத்திருந்தான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் வீல்சேர் ஏறலாம். நாங்கள் நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்து டிரைவர் சீட்டை விட்டு இறங்கி வந்து, நடுக்கதவில் மடக்கியிருந்த பலகையைக் கையால் விரித்துப் போட்டார். அம்மாவை ஏற்றி, வண்டியை இடத்தில் நிறுத்தி, போய் உட்கார்ந்து பஸ்ஸை எடுத்தார். உள்ளே ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அந்த பஸ்ஸில்தான் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1827-இல் தொடங்கிய கோயில், அந்த ஊரிலேயே பழைய இந்துக் கோயில். அம்மா சன்னதி முன்னால் உட்கார்ந்து, "நம்ம கோட்டை மாரியம்மா இங்கயும் வந்து உக்காந்திருக்கா பாரு" என்றார். பேருந்தில் ஏறிக் கோயிலுக்குப் போய் அம்மாவுக்கு எத்தனை வருஷம் ஆகிறது என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். ஆறு.

திரும்பும்போது சாங்கியில் வந்தவர் தமிழர். வீல்சேர் கேட்டவர்களை எல்லாம் ஓரிடத்தில் உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கூட்டிப் போனார்கள். இருபது நிமிஷம் காத்திருந்தோம். "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். சேலம் என்றதும், "மாம்பழச் சேலமா?" என்றார். அதற்கப்புறம் கேட் வரைக்கும் மல்கோவா, இமாம்பசந்த், குண்டு என்று அம்மாதான் பேசிக்கொண்டு போனார்.

நாலாவது இடம்தான் மனசைக் கஷ்டப்படுத்தியது. திரும்பும் டிக்கெட் வேறு ஒரு நம் ஊர் விமான நிலையத்துக்குத்தான் கிடைத்தது. விமானம் தள்ளி நின்றது, படி வைத்தார்கள். வீல்சேர் கேட்டவர்கள் ஐந்து பேர். நாலாவது எழுத்து ஆர் என்று இருந்த மூன்று பேரைப் படியில் இறங்கச் சொன்னார்கள். அதில் ஒரு பாட்டி, அம்மாவை விட மோசமான கால், ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் மகன் கீழே நின்று கையை ஏந்திக்கொண்டிருந்தான். அவர்களுக்கு அந்த எழுத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அம்மாவும் இன்னொரு பெரியவரும் லிஃப்ட் வண்டிக்குக் காத்திருந்தோம். நாற்பது நிமிஷம். ஏசியை நிறுத்திவிட்டார்கள், துப்புரவு ஆட்கள் வந்து சீட்டுகளைச் சுத்தம் பண்ண ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குக் கழிப்பறை போக வேண்டும். சுத்தம் பண்ணிவிட்டோம், வெளியே போய்க்கொள்ளுங்கள் என்றார்கள். 76 வயது மனுஷி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். அம்மா என் கையைப் பிடித்து வேண்டாம் என்றதால் பேசாமல் இருந்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் ஆறவில்லை.

வண்டி வந்து இறங்கினால், ஒரே ஆள், இரண்டு நாற்காலி. ஒவ்வொரு கையிலும் ஒன்றாக இரண்டையும் சேர்த்துத் தள்ள ஆரம்பித்தான். அம்மாவின் முந்தானை சக்கரத்தை ஒட்டித் தொங்கியது. நான் போய் மடியில் எடுத்து வைத்துவிட்டு, அம்மாவின் நாற்காலியை நானே பிடித்துக்கொண்டேன். பயணிகள் தள்ளக்கூடாது, ரூல் இல்லை என்றான். ஒரு ஆள் இரண்டு வண்டி தள்ளலாம் என்று ரூல் இருக்கிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. வெளியே வந்ததும், "பாத்துக் குடுங்கம்மா" என்றான். அந்தப் பையன்மீது எனக்குக் கோபம் இல்லை. ஐந்து பேருக்கு ஒரு ஆளை அனுப்பியவர்கள்மீதுதான் கோபம். தேதி, விமான எண், காத்திருந்த நேரம் எல்லாம் போட்டு நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினேன். ஆறு நாள் கழித்து, வருந்துகிறோம் என்று இரண்டு வரி வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாங்கியில் எங்களோடு காத்திருந்த ஒரு தம்பதி, ஐம்பத்தைந்து வயது இருக்கும், இமிகிரேஷன் தாண்டியதும் நாற்காலியிலிருந்து எழுந்து கடைகளுக்குள் விறுவிறுவென்று நடந்து போனார்கள். வரிசையில் நிற்காமல் போவதற்காக மட்டும் வீல்சேர் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே தெரியாத நோய் எத்தனையோ உண்டு, அதை நான் மறுக்கவில்லை. யாரையும் பார்த்து எடை போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் தேவை இல்லாமல்தான் கேட்கிறோம் என்று தன் மனசுக்கே தெரிகிறவர்கள் தயவுசெய்து கேட்காதீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அந்தப் பாட்டிக்குப் போக வேண்டிய ஆள் அது.

மொத்தத்தில் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். முதல் மூன்று இடத்துக்கு ஐந்தே கொடுக்கலாம். திரும்பி வந்து இறங்கிய இடத்துக்கு ஒன்று. கூட்டிப் போகிறவர்கள், முதியவர்களைத் தனியாக அனுப்புகிறவர்கள், நாலாவது எழுத்தை நீங்களே போன் போட்டு உறுதி செய்யுங்கள். விமானம் தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே கழிப்பறைக்குக் கூட்டிப் போய்விடுங்கள். மருந்து, தண்ணீர் பாட்டில், ஒரு பாக்கெட் பிஸ்கட் மடியில் இருக்கிற பையில் இருக்கட்டும், மேலே வைக்கிற பெட்டியில் வேண்டாம். தனியாக அனுப்புகிறீர்கள் என்றால் ஒரு சின்னத் தாளில் பெயர், போன் நம்பர், யார் வந்து கூட்டிப்போவார்கள் என்பதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். மகள் துபாயில் இருக்கிறாள், பேறுகாலத்துக்குக் கிளம்புகிறார். அவருக்கும் தறி மிதித்த கால்தான், எங்கள் வீட்டு வாசல் மூன்று படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். கையில் டிக்கெட் பிரிண்ட். வீல்சேர் எல்லாம் சொல்லியாச்சு என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறாராம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலை வரி வரியாக ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, மூணு எழுத்து சரியா இருக்குது. கடைசியில பாம்பு இல்லையே. நீ போன் போடு."